வெறும் 'மேக்ஸ்' போதுமா, 'மேத்.மேக்ஸ்' வேணுமா?

ஊருக்குள் "குளத்தடிக்கு வா" என்றால் போதும். கனகராயன்குளம், புளியங்குளம், செட்டிகுளம் என்று ஊர்ப் பெயர்களே குளத்தில் முடிகிற வன்னியில், பஸ்ஸில் ஏறி அப்படிச் சொன்னால் கொண்டக்டர் "எந்தக் குளம்?" என்பார். ஜாவா நிரல்மொழியில், 2004இல் ஜாவா 5உடன் வந்த ஸ்டாட்டிக் இம்போர்ட்டும் இதே சங்கதிதான். 'மேத்' என்ற வகுப்புக்குள் (கிளாஸ்) இருக்கும் 'மேக்ஸ்' போன்ற பெயரை மேலே ஒருமுறை இறக்கிவிட்டால், பிறகு 'மேத்.மேக்ஸ்' என்று எழுதாமல் வெறும் 'மேக்ஸ்' என்றே எழுதலாம்.

வயல் மூலைகளை ஜிபிஎஸ்ஸில் குறித்து, பூமியின் வளைவையும் கணக்கில் எடுக்கும் ஹாவர்சைன் சூத்திரத்தால் தூரம் கணக்கிடும் நிரல் ஒன்றை எடுங்கள். சைன், கொஸ், வர்க்கமூலம் எல்லாவற்றுக்கும் முன்னால் 'மேத்.' நின்றால் சூத்திரம் கண்ணில் படாது, மேத் மட்டும்தான் படும். இங்கே ஸ்டாட்டிக் இம்போர்ட்டுக்கே என் வாக்கு. தட்டச்சு மிச்சம் என்பதற்காக அல்ல. அதை எடிட்டரே நிரப்பித் தரும். வாசிக்கிறவருக்காக. ஜாவா நிரலைச் சோதிக்கும் ஜேயூனிட்டில், விடை சரியா என்று ஒப்பிடும் 'அசெர்ட்ஈக்வல்ஸ்' எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, அங்கும் சரி.

மற்ற இடங்களில் வகுப்புப் பெயரோடு எழுதுவதே மேல். வரிசையை (அரே) எழுத்தாக்கித் தரும், 'அரேஸ்' வகுப்பின் 'டுஸ்ட்ரிங்'கை ஒருமுறை இப்படி இறக்கிவிட்டு, ஒரு வரிசையைக் கொடுத்து அழைத்தேன். கம்பைலர் மறுத்தது. அரை மணித்தியாலம் முழித்தேன். எல்லா வகுப்புக்கும் மூல வகுப்பான 'ஆப்ஜெக்ட்'டிடமிருந்து ஒரு 'டுஸ்ட்ரிங்' பரம்பரையாக வருகிறதே, வீட்டுக்குள் அந்தப் பெயரில் ஓராள் இருக்க, இறக்கிய பெயரை ஜாவா பார்ப்பதே இல்லை. 'அரேஸ்.டுஸ்ட்ரிங்' என்று முழுதாக எழுதியதும் ஓடியது.

நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக இறக்குவது இன்னும் வில்லங்கம். 'இன்டிஜர்', 'லாங்' இரண்டையும் அப்படி இறக்கிவிட்டு இரண்டிலும் இருக்கும் 'மேக்ஸ்_வேல்யூ'வை வெறுமனே எழுதிப் பாருங்கள்: எந்தக் குளம்? கம்பைலராவது கேட்கும். ஆனால் இரண்டு மூன்று நட்சத்திர வரி இருந்தால், பெயர் எதிலிருந்து வந்தது என்று வாசிக்கிற மனிதர் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி இறக்குங்கள்.

ஜாவா 5க்கு முன்பு இருந்த குறுக்குவழி இதைவிட மோசம். மாறாத மதிப்புகளான மாறிலிகளை, வகுப்புகள் வெளியே காட்டும் முகத்தை வரையறுக்கும் ஓர் இன்டர்ஃபேஸில் போட்டு, வகுப்புகள் அதை 'இம்ப்ளிமென்ட்' செய்யும். நெல்லின் ஈரப்பத வரம்பு 14 சதவீதம் என்ற உள்வீட்டுக் கணக்கு, வகுப்பின் வெளிமுகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பழைய கோட்டில் கண்டால் பிடுங்கிவிடுங்கள்.

சி ஷார்ப் என்ற இன்னொரு நிரல்மொழிக்காரருக்கு 2015இல், 6ஆம் பதிப்பில்தான் இதே வசதி 'யூசிங் ஸ்டாட்டிக்' என்ற பெயரில் கிடைத்தது. அதில் ஒரு மெத்தடை மட்டும் பொறுக்கி எடுக்க வழியில்லை. வகுப்பு முழுக்க இறங்கும்.