சண்டே மார்க்கெட்டில் ஒரு ஷூ பெட்டி

கடலூர் திருப்பாப்புலியூரில் வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவன் நான். ஞாயிறானால் பஸ் ஏறி புதுச்சேரி சண்டே மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன். மகாத்மா காந்தி சாலையில் பழைய சாமான் பரப்பும் பெரியவரிடம் போன மாதம் ஒரு ஷூ பெட்டி வந்திருந்தது. பிரான்சுக்குக் குடிபோன குடும்பம் வீட்டைக் காலி பண்ணும்போது போட்டதாம். உள்ளே முழுக்க என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் ஆட்டக்காரர்கள் படம் போட்ட, சேகரிக்கிற அட்டைகள்.

மேலேயே பிளாஸ்டிக் உறையில் மைக்கேல் ஜோர்டன். ஃப்ளீர் கம்பெனி போட்ட 1986 வரிசை, 132 அட்டையில் 57-வது. "தம்பி, இது மட்டும் ஐயாயிரம்" என்றார். பேரன் போனில் பார்த்துச் சொன்னானாம். அசல் என்றால் ஐயாயிரத்துக்கு அதை மோந்துகூடப் பார்க்க முடியாது. சட்டைப்பையிலிருந்து தொழில் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தேன். படத்தைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோடு புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது. அசலில் அந்தக் கோடு ஒரே மையில் அழுத்தமாக விழுந்திருக்கும். அட்டையைப் படமெடுத்து மறுபடி அச்சடித்தால்தான் இப்படி உடையும்.

"ஐயா, இது டூப்பு."

கோபப்படவில்லை. லென்ஸை வாங்கித் தானும் பார்த்தார். அப்புறம் மீதியெல்லாம் ஒன்று பத்து ரூபாய்.

ஹூப்ஸ் என்ற 1990 வரிசை அட்டைகள் ஒரு கத்தை இருந்தது. அப்போது அடித்துக் குவித்த சரக்கு, பணம் பெறாது. மார்க் ஜாக்சன் என்ற ஆட்டக்காரரின் அட்டையை மட்டும் துழாவி எடுத்தேன். அவருக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையில், அமெரிக்காவில் பெற்றோரைக் கொன்ற மெனெண்டஸ் சகோதரர்கள் உட்கார்ந்திருப்பார்கள்!

எனக்குப் பிடித்தது காலெக்டர்ஸ் சாய்ஸ் என்ற 1994-95 வரிசை. ஐரோப்பாவுக்கென்று போட்டது, பின்பக்கம் பிரெஞ்சில். எனக்கு ஓர் எழுத்து தெரியாது. பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கணீரென்று வாசித்து, தமிழிலும் சொன்னார். வெயிலில் நின்று பதினாலு அட்டை கேட்டேன். இந்தக் கடைக்கு நான் மார்க் போடுவது இதற்குத்தான்.

குறை ஒன்று உண்டு. சரக்கைக் கடல் காற்றில் அப்படியே வைத்திருக்கிறார். அப்பர் டெக் கம்பெனியின் பளபள அட்டைகள் ஈரத்தில் ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிட்டன. வீட்டில் பிரித்துப் பார்த்தேன், பளபளப்புப் பூச்சோடு ஒரு ஆட்டக்காரரின் முகமே உரிந்து வந்தது. பளபள அட்டை வாங்கினால் அங்கேயே விசிறி மாதிரி விரித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

போன வாரமும் ஜோர்டன் மேலேதான் இருந்தார். விலை ஐம்பது ரூபாய். உறை மேல் பேனாவால் பெரிசாக "டூப்பு" என்று எழுதி வைத்திருக்கிறார்.