பூட் ஆகும்போது வரும் ‘நாட் கான்ஃபிகர்டு’ வரிகள்: ஓபன்பிஎஸ்டி லேப்டாப் அனுபவம்

பழைய திங்க்பேட் ஒன்றில் சில வருடங்களாக ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம்தான் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி) ஓடுகிறது. பூட் ஆகும்போது நீலப் பின்னணியில் ஓடும் வரிகளில் சில ‘நாட் கான்ஃபிகர்டு’ என்று முடியும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள்.

இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல், சாதனங்கள் இணைந்திருக்கும் ஒவ்வொரு பஸ்ஸாகத் துழாவி, கண்ணில் படும் சாதனத்தை எந்த டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) ஏற்கும் என்று பார்க்கிறது. எதுவும் ஏற்கவில்லை என்றால் இந்த வரி. சாதனம் பழுது என்றோ, நாம் ஏதோ செட்டிங்கை விட்டுவிட்டோம் என்றோ அர்த்தமில்லை.

என்னிடம் நிரந்தரமாக இருப்பது பிசிஐ பஸ் 0, டெவ் (சாதன எண்) 22-இல் வரும் ‘இன்டெல் எம்இஐ’. இன்டெல் சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் குட்டிக் கணினியான மேனேஜ்மென்ட் இன்ஜினோடு பேசுவதற்கான வாசல் அது. திறக்காமல் கிடப்பதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, சொல்லப்போனால் நிம்மதிதான். மின்சாரம், வன்பொருள் விவரங்களைக் கவனிக்கும் ஏசிபிஐ பக்கம் ‘பிஎன்பி0சி14’ வருகிறது. விண்டோஸ் நிர்வாகத்துக்கான டபிள்யூஎம்ஐ சமாச்சாரம், அதையும் தாண்டிப் போய்விடலாம். ‘அன்நோன் ப்ராடக்ட்’ என்று வந்தாலும் பயம் வேண்டாம். பெயர்ப் பட்டியலில் இல்லாத யுஎஸ்பி கன்ட்ரோலரைக்கூட அதன் வகையைப் பார்த்தே டிரைவர் ஏற்றுக்கொள்ளும்.

வைஃபை கதை வேறு. அங்கே ‘ஐடபிள்யூஎம்0’ என்று இன்டெல் வைஃபை டிரைவர் ஒட்டிக்கொள்ளும், ஃபர்ம்வேரை (அட்டைக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள் கோப்பு) படிக்க முடியவில்லை என்று அப்புறம்தான் புலம்பும். உரிமச் சிக்கலால் அந்தக் கோப்பு இன்ஸ்டாலரோடு வருவதில்லை. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி டெதரிங்கில் செருகி இணையம் வாங்கி, ஃபர்ம்வேரை இறக்கும் ‘எஃப்டபிள்யூ அப்டேட்’ (fw_update) கட்டளையை ஓட்டினால் சரி.

என் கணக்கில் உண்மையான தொல்லை, புகார் வரியே இல்லாத சாதனங்கள்தான். ப்ளூடூத்தை, தனி டிரைவர் இல்லாத யுஎஸ்பி சாதனங்களுக்கான பொதுவான ‘யுஜென்’ டிரைவர் பிடித்துக்கொள்ளும். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் ஹெட்செட் இணையாது. ப்ளூடூத் ஆதரவையே 2014-இல் 5.6 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். கைரேகை ரீடரும் பெரும்பாலும் அதே யுஜென் வரியில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும்போது, பழைய பூட் பதிவைத் தனியாக எடுத்துவைத்து, புதியதோடு ‘டிஃப்’ (வித்தியாசம் காட்டும் கட்டளை) போட்டுப் பார்ப்பேன். சில வரிகள் சத்தமில்லாமல் மறைந்திருக்கும், அந்தச் சாதனத்துக்கு டிரைவர் வந்துவிட்டது என்று பொருள். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போனால் இன்ஸ்டாலர் உள்ள பென்டிரைவையும் எடுத்துப் போங்கள். பூட் செய்து, முதல் கேள்விக்கு ‘S’ எழுத்தை அழுத்தி, கட்டளை தட்டும் ஷெல்லுக்குப் போய், நெட்வொர்க் அட்டையின் வரி எப்படி முடிகிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.