துளையிடும் முன் விளக்கம் தரும் ஜார்ஜ் டவுன் பல் கிளினிக்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபு பாசார் தெரு அருகே, பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இயங்கும் பல் கிளினிக்குக்கு நாங்கள் குடும்பமாகச் சென்று வருகிறோம். பல்லில் பள்ளம் தெரிந்தாலே சொத்தை என்று அடைத்து அனுப்பும் இடங்களுக்கு நடுவே, அது எதனால் வந்த பள்ளம் என்று முதலில் ஆராயும் மருத்துவர் இங்கு இருக்கிறார் என்பதே இதை எழுதக் காரணம்.

என் தாயாரின் கடைவாய்ப் பற்களில், ஈற்றை ஒட்டி, கோடரியால் கொத்தியது போன்ற பள்ளங்கள் இருந்தன. மருத்துவர் அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்து, கருவியை மெல்ல ஓட்டிக் காட்டினார். "அம்மா, சொத்தையாக இருந்தால் இந்த இடம் மெத்தென்று இருக்கும், உங்களுக்குக் கெட்டியாக, பளபளப்பாக இருக்கிறது, பாருங்கள்" என்றார். சொத்தை என்பது வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றிப் பல்லை அரிப்பது. இதுவோ முரட்டுப் பிரஷ்ஷால் பக்கவாட்டில் அழுத்தித் தேய்த்ததால் வந்த தேய்மானம். கடிக்கும் பரப்பு தட்டையாகிப் போனதற்கு, பல காலமாக மென்ற கொட்டைப்பாக்கே காரணம் என்றும் சொன்னார். ஆழமான பள்ளங்களை மட்டும் அடைத்துவிட்டு, மற்றவற்றுக்கு மென்மையான பிரஷ்ஷும் ஃபுளோரைடு பற்பசையும் போதும் என்று விட்டுவிட்டார். தேவையற்ற இடத்தில் துளையிடாத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

எனக்கு இருந்தது பல் கூச்சம். சௌராஸ்தா சந்தையில் வாங்கும் மாங்காய், ஜாதிக்காய் ஜெருக்கை (புளிப்பான ஊறல் பழங்களை) நாள் முழுவதும் கொறிக்கும் பழக்கத்தால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் மெலிந்திருந்தது. வாயில் அமிலத்தன்மை கூடி, அதைக் காட்டும் பி.எச். எண் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும் என்பதால், புளிப்பு சாப்பிட்ட உடனே பல் துலக்காமல், தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுக்கச் சொன்னார்.

மகனின் நிரந்தர முன்பல் ஒன்றில் மட்டும் பழுப்புத் திட்டு இருந்தது. குழாய்நீரில் கலக்கும் ஃபுளோரைடுதான் காரணமோ என்று அஞ்சினேன். மலேசியாவில் அதன் அளவு 2005-இலேயே 0.5 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு நீரில் அரைப் பங்கு) ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது என்பதோடு, ஃபுளோரைடு கறையானால் இருபக்கப் பற்களிலும் ஒரே சீராகத் தெரியும் என்று விளக்கினார். குழந்தையாக இருந்தபோது கீழே விழுந்து பால்பல்லில் அடிபட்டதுண்டா என்று அவர் கேட்டதும்தான், ஊஞ்சலிலிருந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. பால்பல்லின் வேருக்குப் பின்னே உருவாகிக்கொண்டிருந்த நிரந்தரப் பல்லின் எனாமல் அந்த அடியில் குறைபட்டிருக்கிறது. மகளுக்கு முன்பற்களின் நடுவே முளைக்காமல் மறைந்திருந்த கூடுதல் பல் எக்ஸ்ரேயில் தெரிந்தது. அதற்கு அரசு மருத்துவமனையின் சிறுவர் பல் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. படிகள் செங்குத்தானவை, மின்தூக்கி இல்லை. கட்டணப் பட்டியல் எங்கும் ஒட்டப்படவில்லை, ஆனால் கேட்டால் சிகிச்சைக்கு முன்பே தொகையை எழுதித் தருகிறார்கள். சனிக்கிழமைகளில் முன்பதிவு செய்திருந்தாலும் வெகுநேரம் காத்திருக்க நேர்கிறது. முதியவர்களை அழைத்துச் செல்வோர் வார நாட்களின் காலை வேளையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.