லோக்கல்ல யூஆர்எல் ரீரைட் ஓடலையா? அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ், பிஹெச்பி சர்வர் மூணுல எதோட மல்லுக்கட்டுறது

ஹோம்பேஜ் ஜம்முனு வருது, உள்ள எந்த லிங்க்கை அமுக்குனாலும் 404, அதாவது பேஜ் கிடைக்கலைன்னு எரர். கேட்ட முகவரியை உள்ள இருக்கிற நிஜ ஃபைலுக்கு திருப்பி விடுற யூஆர்எல் ரீரைட், நம்ம சொந்த கம்ப்யூட்டர்ல (லோக்கல்ல) ஓடலைன்னா இப்படித்தான். வேர்ட்பிரஸ், லாராவெல்னு சைட் கட்டுற எதை லோக்கல்ல ஏத்துனாலும் முதல் நாள் இந்த கூத்து உண்டு. அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ், பிஹெச்பி கூடவே வர்றதுன்னு மூணு வெப் சர்வர்லயும் மாட்டி முழிச்சிருக்கேன், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி படுத்தும்.

அப்பாச்சியோட குணம், தப்பு நடந்தா வாயே திறக்காது. 2.4 வெர்ஷன்ல அலவ்ஓவர்ரைடுங்கற செட்டிங்குக்கு டீஃபால்ட்டே நன் (None) தான், அப்படி இருந்தா ரீரைட் ரூல்ஸ் எழுதி ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல வைக்கிற உங்க எச்டிஅக்சஸ் (.htaccess) ஃபைலை அது திரும்பிக்கூட பாக்காது. சாம்ப்ல (XAMPP, அப்பாச்சி, பிஹெச்பி எல்லாத்தையும் ஒண்ணா ஏத்துற பேக்கேஜ்) சைட் ஃபைல் வைக்கிற எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்கு ஆல் (All)னு முன்னாடியே போட்டு குடுத்துடுறாங்க, உபுண்டு லினக்ஸ்ல நன், ரீரைட் மாட்யூலையும் நாமளே ஏ2என்மாட் (a2enmod) கமாண்ட் அடிச்சு ஆன் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணணும். அதான் விண்டோஸ்ல ஓடுன அதே ப்ராஜெக்ட் உபுண்டுல படுத்துடுது. இதுல இன்னொரு வயித்தெரிச்சல், வேர்ட்பிரஸ் எழுதுற ரூல்ஸ் எல்லாம் 'மாட்யூல் இருந்தா மட்டும் ஓட்டு'ங்கற இஃப்மாட்யூல் பிளாக்குக்குள்ள இருக்கும், மாட்யூல் இல்லைன்னா எரர் கூட வராது, சத்தமில்லாம தாண்டி போயிடும்.

இதுக்கு ஒரு நாட்டு வைத்தியம் இருக்கு. எச்டிஅக்சஸ்ல முதல் வரியில வாய்க்கு வந்ததை கிறுக்கி சேவ் பண்ணுங்க. 500 எரர் வந்தா சர்வர் ஃபைலை படிக்குது, ரூல்ல தான் கோளாறு. ஒண்ணுமே மாறலைன்னா படிக்கவே இல்ல, ரூலை மாத்தி மாத்தி எழுதி பிரயோஜனம் இல்ல. நான் ஒருதடவை ராத்திரி முழுக்க ரெஜெக்ஸை (ரூல்ல முகவரியை மேட்ச் பண்ற பேட்டர்ன்) நோண்டிட்டு காலையில பாத்தா நோட்பேட் ஃபைல் பேருக்கு பின்னாடி டாட் டெக்ஸ்ட்னு ஒட்டி வெச்சிருக்கு, எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைச்சிருந்ததால கண்ணுல படல.

ஃபைலை படிக்குதுன்னு உறுதியாச்சுன்னா அடுத்து ஸ்லாஷ். எச்டிஅக்சஸ்ல ரூலுக்கு வர்ற பாத்ல முன் ஸ்லாஷ் இருக்காது, அதனால தொப்பிக்குறி (^, இங்க ஆரம்பம்னு அர்த்தம்) போட்டு ஸ்லாஷ்ல ஆரம்பிக்கிற ரூல் ஜென்மத்துக்கும் மேட்ச் ஆகாது. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு கீழ சப்ஃபோல்டர்ல ப்ராஜெக்ட் இருந்தா ரூலுக்கு அடிப்படை பாத்தை சொல்ற ரீரைட்பேஸையும் பாருங்க. அப்பவும் பிடிபடலைன்னா மெயின் கான்ஃபிக்ல லாக்லெவலை ரீரைட் ட்ரேஸ்3னு (LogLevel rewrite:trace3) வைங்க, எந்த ரூல் எதோட மோதுச்சுன்னு எரர் லாக்ல வரிவரியா கொட்டும். பழைய டுடோரியல்ல வர்ற ரீரைட்லாக்ங்கற செட்டிங் 2.4ல கிடையாது.

எஞ்சின்எக்ஸ் நேர் எதிர். எச்டிஅக்சஸ்னா அதுக்கு என்னன்னே தெரியாது, எல்லாம் கான்ஃபிக்ல தான், ஒவ்வொரு மாத்தத்துக்கும் ரீலோட் பண்ணணும், சின்ன இம்சை. ஆனா செமிகோலனை விட்டா டெஸ்ட் கமாண்டே (nginx -t) எந்த வரி பக்கத்துலன்னு சொல்லிடும். பெரும்பாலும் ட்ரைஃபைல்ஸ் (try_files) ஒரே வரி போதும்: ஃபைல் இருக்கா, ஃபோல்டர் இருக்கா, இல்லைன்னா இண்டெக்ஸ் பிஹெச்பிக்கு தள்ளு. கடைசில க்வெரி ஸ்ட்ரிங் (முகவரியில கேள்விக்குறிக்கு பின்னாடி வர்றது) வேரியபிளை ஒட்ட மறந்தா பேஜ் வரும், அதை நம்பி ஓடுற சர்ச்சும் பேஜினேஷனும் வேலை செய்யாது, இதுல நிறைய பேர் விழுவாங்க. பேஜுக்கு பதிலா பிஹெச்பி ஃபைலே டவுன்லோட் ஆச்சுன்னா ரீரைட்டை திட்டாதீங்க, பிஹெச்பி ஃபைலை ஓட்ட சொல்ற லொகேஷன் பிளாக் சரியில்ல.

பிஹெச்பி 5.4ல இருந்து கூடவே வர்ற சர்வர் படு ஈஸி, அதுவே ஆபத்து. ஃபைல் இல்லைன்னா தானாவே இண்டெக்ஸ் பிஹெச்பிக்கு அனுப்பிடும், உங்க ரூல் எதையும் தொடாது, லைவுக்கு போனதும் தான் வண்டவாளம் தெரியும். கோட் எழுதறப்ப வெச்சுக்கலாம், ரீரைட்டை செக் பண்ண ஆகாது.

என்னை கேட்டா ஹோஸ்டிங்ல எது ஓடுதோ அதையே லோக்கல்லயும் போடுங்க. பல பேர் ஒரே சர்வரை பகிர்ற ஷேர்டு ஹோஸ்டிங்னா எச்டிஅக்சஸ் தான் பெரும்பாலும், அப்பாச்சியோட ஊமைத்தனத்தை பொறுத்துக்கத்தான் வேணும். கண்ட்ரோல் முழுக்க நம்மகிட்ட இருக்கிற சொந்த விபிஎஸ் (விர்ச்சுவல் சர்வர்)னா கண்ணை மூடிட்டு எஞ்சின்எக்ஸ்.

எதுல நோண்டுனாலும் 301 ரீடைரக்டை (வேற முகவரிக்கு நிரந்தரமா திருப்புறது) கடைசில வைங்க, அதுவரைக்கும் 302 (தற்காலிகமா திருப்புறது). 301ஐ பிரௌசர் ஞாபகம் வெச்சுக்கும், நீங்க ரூலையே அழிச்ச பிறகும் பழைய இடத்துக்கே ஓடும், இன்காக்னிட்டோல திறந்தா தான் உண்மை தெரியும்.