முல்லைத்தீவில் எங்கே சாப்பிடலாம்: சாப்பாட்டுக்கடையா, அம்மாச்சியா, விடுதியா?

மாங்குளத்திலிருந்து ஏ-34 வீதியால் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் ஓடி, ஒட்டுசுட்டானையும் முள்ளியவளையையும் கடந்து முல்லைத்தீவு நகருக்குள் வருபவர், கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நல்ல மீன் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. நடைமுறை வேறாக இருக்கிறது. கரையேறும் அறக்குளா, பெரிய பாரை, நந்திக்கடல் களப்பின் பருத்த இறால், நண்டு ஆகியவற்றில் பெரும்பகுதி கரையிலேயே நிறுக்கப்பட்டு, ஐஸ் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொட மொத்த மீன் சந்தைக்கும் ஏற்றுமதி வியாபாரிகளுக்கும் லொறி ஏறிவிடுகின்றது. ஊருக்கு மிஞ்சுவது சூடை, கீரி, சிறு பாரை போன்ற சிறு மீன்களே. ஆகவே இந்த நகரில் கடையைத் தெரிவு செய்வதற்கு முன்னர், இன்றைக்கு என்ன மீன் பட்டது என்றும் இப்போது என்ன நேரம் என்றும் கேட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மதிய வேளையைப் பொறுத்தவரை, பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சாதாரண சாப்பாட்டுக்கடைகளுக்கே என் வாக்கு. மரக்கறிச் சாப்பாடு, மீன் சாப்பாடு, கோழிச் சாப்பாடு என்று விலை பிரிந்திருக்கும். சோறும் மரக்கறிகளும் கேட்கக் கேட்க வைப்பார்கள், மீன் மட்டும் ஒரு தரம்தான். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, ஏதாவதொரு கீரைச் சுண்டல், பொரித்த மிளகாய், அவற்றின் நடுவே பழப்புளியும் வெந்தயமும் தூக்கலாக நிற்கும் சூடைக் குழம்பு, கடைசியாகக் கை நனைய ஊற்றும் சொதி என்பதே அங்குள்ள வழமை. இங்கே வெளியூரவர் பலர் பொரித்த அறக்குளாத் துண்டைத்தான் தேடுகின்றனர். அது முதல் நாள் ஐஸில் கிடந்த துண்டாகவும் இருக்கக்கூடும். காலையில் கரைவலையில் வந்த சூடைக்கு அந்தச் சந்தேகமே வேண்டியதில்லை, ஏனெனில் அதை இரண்டாம் நாளுக்கு வைத்திருக்க எந்தக் கடைக்காரரும் விரும்பமாட்டார். முள்ளுக்குப் பயப்படாதவருக்கு இதைவிட நல்ல சாப்பாடு இந்த நகரில் இல்லை. குறைகளும் உண்டு: பிற்பகல் இரண்டு மணி தாண்டினால் சட்டியின் அடியில் குழம்பு மட்டுமே மிஞ்சும், மேசை துடைக்கும் துணியைப் பற்றி அதிகம் யோசிக்காமல் இருப்பதே நல்லது.

இதற்கு நேரெதிரான தெரிவு அம்மாச்சி உணவகம். விவசாயத் திணைக்களம் தொடங்கிய ஹெல போஜூன் கடைகளைப் பின்பற்றி, வடக்கு மாகாணத்தில் உள்ளூர்ப் பெண்கள் சமைத்து விற்கும் இடங்களாக உருவானவை இவை. சமைப்பது கண்முன்னே நடக்கிறது. தோசையும் வடையும் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகின்றன. குரக்கன் பலகாரம், இலைக்கஞ்சி, மோர் போன்றவற்றை வேறு கடைகளில் தேடிப் பிடிப்பது கடினம். சுத்தத்திலும் விலையிலும் சாப்பாட்டுக்கடைகள் இதற்கு ஈடாகா, விற்ற பணமும் சமைத்த பெண்களின் கைக்கே போகிறது. ஆனால் உணவு சைவம். கடற்கரை நகருக்கு வந்து மீன் சாப்பிடாமல் திரும்ப மனமில்லாதவர் இதைக் காலை உணவுக்கும் மாலைத் தேநீருக்கும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் பயணம் செய்பவர் மதியத்துக்கும் இங்கேயே வருவது நல்லது, ஏனெனில் உறைப்பைப் பற்றிய கவலை குறைவு.

விடுதிகளின் உணவகங்கள் மூன்றாவது வழி. விசிறியோ குளிரூட்டியோ இருக்கும், கழிப்பறை சுத்தமாக இருக்கும், குடும்பமாக ஆறுதலாக அமர்ந்து பேசலாம். விலைப்பட்டியல் மட்டும் இலங்கையின் எந்த நகரத்து விடுதியிலும் காணக்கூடிய ஒன்றே: பிறைட் றைஸ், டெவில் கோழி, நூடில்ஸ். அங்கே போய் இவற்றைக் கேட்பது வீண் செலவு. 10 வீத சேவைக் கட்டணமும் சேர்ந்தால் சாப்பாட்டுக்கடையில் இருவர் உண்ணும் காசு ஒருவருக்கே போய்விடும். விடுதிக்குப் போவதற்கு ஒரே நியாயமான காரணம் நண்டு. முதல் நாளே சொல்லிவைத்தால், லொறி ஏறுவதற்கு முன் நிறுத்து வாங்கி, முருங்கையிலை போட்டுக் குழம்பாக்கித் தருவார்கள். நிறைக்கு எவ்வளவு என்பதைச் சமைக்கும் முன்பே பேசி முடிப்பது அவசியம். நந்திக்கடல் நண்டா, கடல் நண்டா என்றும் கேட்கலாம்; என் நாவுக்குக் களப்பு நண்டின் சதையே இனிப்புக் கூடியது.

இரவில் தெரிவு சுருங்கிவிடும். கொத்துரொட்டிக் கடைகளும் பேக்கரிகளுமே எஞ்சும். பேக்கரி ரோல்ஸ் பசி தணிக்கும், அவ்வளவுதான்.

மேலே சொன்ன வரிசை, தென்மேற்குக் காற்று வீசும் சோழகக் காலத்துக்கே பொருந்தும். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கரைவலை இழுப்பது நின்றுவிடுவதால், சாப்பாட்டுக்கடைகளின் மீன் குழம்பு தன் முதலிடத்தை இழக்கிறது. அப்போது களப்பில் படும் சிறு இறால் கிடைக்கும் கடையைத் தேடலாம், கிடைக்காவிட்டால் கோழிச் சாப்பாட்டோடு திருப்திப்படலாம். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலை ஒட்டிய நாட்களில் ஊரில் பலர் மீன், இறைச்சி ஆகிய மச்சம் தொடுவதில்லை. அந்த நாட்களில் வருபவர் மீனை மறந்துவிட்டு நேரே அம்மாச்சிக்குப் போகலாம். வரிசை நீளமாக இருக்கும் என்பதால் பன்னிரண்டு மணிக்கு முன்னரே போய்விடுவது நல்லது.