மலைத் தோட்டத்துக்குப் பழைய ஃபோர் வீல்: ஜீப்பா, ஜிப்சியா, முதல் தலைமுறை தாரா?

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டமோ வாழைத் தோட்டமோ வாங்குகிறவர்களுக்கு முதல் ஐப்பசி மழையிலேயே விஷயம் புரிந்துவிடும். வத்தலக்குண்டில் இருந்து ஏறி வருகிற தார் ரோட்டில் எந்தக் காரும் வரும். ரோட்டை விட்டு இறங்கி வீடு வரை போகிற கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில்தான் கார் படுத்துவிடும். செம்மண் நனைந்துவிட்டால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. காரை ரோட்டோரம் விட்டுவிட்டு நடப்பது, ஊர் ஜீப்காரருக்கு போன் போடுவது என்று ஒரு பருவம் ஓடும். அப்புறம்தான் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்றைப் பார்ப்போமா என்ற யோசனை வரும். முள்ளும் கல்லும் உரசப் போகிற பாதைக்குப் புது வண்டி எடுக்க யாருக்கும் மனசு வராது.

தேடிப் பார்த்தால் கடைசியில் மூன்றில் ஒன்றுதான் கையில் கிடைக்கும். எம்எம்540, 550 வகை மஹிந்திரா ஜீப், மாருதி ஜிப்சி, 2010இல் வந்த முதல் தலைமுறை மஹிந்திரா தார். ஃபோர் வீல் சஃபாரி, ஸ்கார்ப்பியோ, பஜேரோ எல்லாம் நல்ல வண்டிகள்தான். ஆனால் நீளமும் அகலமும் தோட்டத்துப் பாதை வளைவுகளுக்கு ஒத்துவராது, முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்துவிடுகிற அவற்றின் பரிமாற்றப் பெட்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆளை மலையடிவாரத்தில் தேடவும் வேண்டும். அதனால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்த மூன்றில் எது சேற்றில் அதிகம் ஏறும் என்று வாதம் செய்வது வீண் வேலை என்பது என் கட்சி. நல்ல டயர் போட்டால் மூன்றுமே தோட்டத்து வீடு வரை வந்துவிடும். நீங்கள் எதை ஏற்றப் போகிறீர்கள், பழுதானால் யார் பார்ப்பார்கள், மாதத்தில் எத்தனை தடவை தார் ரோட்டில் தூரம் போவீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் பதில் வேண்டும்.

முதலில் ஜீப். மஹிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்ட ஆரம்பித்தது. அந்த வம்சத்தில் பிற்காலத்தில் வந்தவைதான் 540உம் 550உம். சிலவற்றில் பெஜோ உரிமத்தில் செய்த டீசல் இன்ஜின் இருக்கும், சிலவற்றில் டிராக்டர் வழி வந்த 2523 சிசி டிஐ, அதாவது டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற இன்ஜின் இருக்கும். தோட்டத்துக்கு என்றால் நான் டிஐ பக்கம்தான். பெஜோ சத்தம் குறைவு, ஓட்டமும் மென்மை. ஆனால் குளிர்ந்த காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும் வரை காத்திருக்க வேண்டும், அது போய்விட்டால் காலை முழுக்க மல்லுக்கட்டு. டிஐ தடதடவென்று ஊரையே எழுப்பும், ஆனால் எழுந்துவிடும்.

ஜீப்பின் பெரிய பலம், அதில் கெட்டுப்போக மின்சாரச் சமாச்சாரம் அதிகம் இல்லை என்பது. பேட்டரி செத்துவிட்டதா? வண்டியைச் சரிவில் நிறுத்தும் பழக்கம் இருந்தால் போதும். பிரேக்கை விட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். டீசல் பம்ப் இயந்திர வகை, கம்ப்யூட்டர் பெட்டி கிடையாது. ஸ்பிரிங் பட்டை உடைந்தால் வத்தலக்குண்டிலேயே மாற்றிவிடலாம், ஷாப்ட் வளைந்தால் லேத்தில் நிமிர்த்தலாம். சாமான் இல்லை என்று எந்தப் பட்டறையும் திருப்பி அனுப்பாது. உர மூட்டை, மிளகு மூட்டை, தண்ணீர்க் குழாய், நாலு ஆள் என்று ஏற்றினாலும் முனகிக்கொண்டே ஏறும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள ஜீப்கள்தான் அதிகம். ஓடையைக் கடந்த பிறகு கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டி டிரம்மைக் காய வைக்காவிட்டால் அடுத்த இறக்கத்தில் வயிறு கலங்கும். ஸ்டியரிங் தேய்ந்த வண்டியாக இருந்தால் நெடுஞ்சாலையில் அறுபதைத் தாண்டியதும் அது ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள். மதுரைக்கு மாதம் இரண்டு தடவை போய்வருகிறவர் இதை வாங்கினால் மூன்றாவது மாதம் விற்பனை விளம்பரம் போட்டுவிடுவார்.

ஜிப்சி வேறு ஜாதி. 1985 டிசம்பரில் வந்தபோது 970 சிசி, சுமார் 45 குதிரைத் திறன்தான். 1996இல் 1.3 லிட்டர் கிங் வந்தது, 2000இல் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற எம்பிஎஃப்ஐ வந்து 80 குதிரைத் திறன் ஆனது, 2019இல் தயாரிப்பு நின்றது. ராணுவம் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கில் ஓட்டிய வண்டி, அந்தப் புண்ணியத்தில் உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது.

இதன் ரகசியம் எடை. துணிக்கூரை ஜிப்சி ஒரு டன்னுக்குள்தான் இருக்கும், தார் சிஆர்டிஇ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் டீசல் இன்ஜின் வைத்த தார்) அதைவிட அரை டன்னுக்கு மேல் கனம். கனமான வண்டி அழுந்துகிற சேற்றை ஜிப்சி மேலாகவே கடந்து போய்விடும். சிக்கினாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் வெளியே வரும். தாரை அப்படித் தள்ள முடியாது, டிராக்டர்தான் வர வேண்டும்.

ஆனால் ஜிப்சியில் ஏறுவதற்குச் சுருதி ஏற்ற வேண்டும். இழுவை இன்ஜினின் மேல் சுற்றில்தான் இருக்கிறது. ஏற்றத்தின் நடுவில் தயங்கினால் மூச்சு நின்றுவிடும், ஃபோர் வீலின் லோ கியரைப் போட்டுவிட்டு ஏற ஆரம்பிப்பதே புத்தி. மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு இந்த வண்டி வேண்டாம். காலியாகப் போகும்போது பின்பக்கம் முயல் மாதிரி துள்ளும், நிறைய ஏற்றினால் ஏற்றத்தில் திணறும். பெட்ரோல் செலவும் உண்டு. இதில் புதிதாக ஒரு தலைவலி வேறு சேர்ந்திருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்புரேட்டர் ஜிப்சியின் ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் அதற்காகச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். தோட்டத்து ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் டேங்கும் கார்புரேட்டரும் அடைத்துக்கொள்ள இதுவே போதும். வாங்கியதும் எரிபொருள் குழாய்களை மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது.

தார் விஷயத்தில் முதலில் ஒரு எச்சரிக்கை. முதல் தலைமுறையில் டிஐ, சிஆர்டிஇ என்று இரண்டு இன்ஜின். டிஐ தார் டூ வீல் டிரைவிலும் விற்றது. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. "தார் சார், ஃபோர் வீல்" என்று விற்பவர் சொன்னாலும் குனிந்து முன் ஆக்சிலுக்கு ஷாப்ட் போகிறதா என்று பாருங்கள். சிஆர்டிஇ என்றால் 105 குதிரைத் திறன், 247 நியூட்டன் மீட்டர் இழுவை, பவர் ஸ்டியரிங், ஏசி. கொடைக்கானல் மலைப்பாதையில் லாரியை முந்தத் தைரியம் தருகிற வண்டி மூன்றில் இது ஒன்றுதான். வார நாளில் திண்டுக்கல்லில் அலுவலகம், வாரக் கடைசியில் தோட்டம் என்று இருப்பவருக்கு இதற்கு மேல் யோசனை தேவையில்லை.

2015இல் வந்த மாற்றத்தோடு சிஆர்டிஇ தாரின் பின் ஆக்சிலில் தானே பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலும் (இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துவிடுகிற கியர் தொகுதி) சேர்ந்தது. இது ஏன் முக்கியம்? பள்ளத்தில் குறுக்காக இறங்கும்போது முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் காற்றில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் இன்ஜினின் சக்தி முழுக்க அந்தத் தொங்குகிற சக்கரங்களுக்கே போகும். ஃபோர் வீலில் போட்டும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், ஜீப்பும் ஜிப்சியும் இங்கேதான் தோற்கும். பூட்டும் டிஃபரன்ஷியல் உள்ள தார், தரையில் இருக்கிற பின் சக்கரத்துக்கும் சக்தியைக் கொடுத்து வெளியே ஏறிவிடும். பட்ஜெட் இடம் கொடுத்தால் 2015க்குப் பிந்தையதையே தேடலாம்.

சிஆர்டிஇ தாரின் பலவீனம் முன்பக்கத்தில் இருக்கிறது. முன் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியை, ஆக்சிலோடு பூட்டுவது வேக்குவம் (காற்றை உறிஞ்சும் விசை) வழியாக. பத்து வருடம் ஆன ரப்பர் குழாய் ஓரிடத்தில் கீறிவிட்டால் போதும், ஃபோர் வீல் லீவரைப் போட்டாலும் முன் சக்கரம் இழுக்காது. அது சேற்றில் மாட்டிய பிறகுதான் தெரியவரும். முன் சஸ்பென்ஷனும் ஜீப் போல ஒரே கட்டை ஆக்சில் அல்ல, பால் ஜாயின்ட், ஆக்சில் பூட் எல்லாம் கல் பாதையில் சீக்கிரம் தேயும். சென்சார் போனால் ஸ்கேனர் வைத்திருக்கிற பட்டறைக்குத்தான் போக வேண்டும், சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணும் ஜீப் வைத்தியம் இங்கே எல்லா நேரமும் பலிக்கும் என்று நம்ப முடியாது.

எந்த வண்டியாக இருந்தாலும் பார்க்கப் போகும்போது பழைய லுங்கி ஒன்றை எடுத்துப் போங்கள், தரையில் விரித்து அடியில் படுக்க. கையில் சின்னச் சுத்தி. சேஸ் என்கிற அடிச்சட்டம் நெடுக, முக்கியமாகப் பின் பட்டை மாட்டும் கொக்கிகளுக்கு மேலே தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உள்ளே துருப்பிடித்தது மொத்தையாகச் சத்தம் போடும். மேலே புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் அந்த இடத்தை இன்னும் நன்றாகத் தட்டுங்கள். ஜிப்சியில் முன் சக்கரத்துக்குப் பின்னால் ஸ்டியரிங் திரும்புகிற உருண்டையைத் துடைத்துப் பாருங்கள். கிரீஸ் சுற்றி வழிந்து சாம்பல் நிறக் கூழாகத் தெரிந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, பேரிங் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

அடுத்தது மண் தரையில் ஒரு ஓட்டம். ஜீப், ஜிப்சி, தார் மூன்றுமே தேவைக்கு மட்டும் போடுகிற ஃபோர் வீல். முன், பின் ஆக்சிலுக்கு நடுவே டிஃபரன்ஷியல் இல்லாததால் காய்ந்த தார் ரோட்டில் போட்டுத் திரும்பினால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கும். விற்பவர் ரோட்டிலேயே போட்டுக் காட்டினால் அவருக்கு வண்டி தெரியாது என்று அர்த்தம். மண்ணில் லோ கியரில் போட்டு மெதுவாக ஏறி இறங்குங்கள், கியர் துள்ளி வெளியே விழுகிறதா, முன்பக்கம் கடகடக்கிறதா என்று கவனியுங்கள். மலையில் வாடகைக்கு ஓடிய ஜீப்களில் தேய்மானம் மிச்சம் என்று முன் ஷாப்டையே கழற்றிப் போட்டிருப்பார்கள், அதைத் திரும்ப மாட்டிக்கொடுப்பதாகச் சொன்னால் மாட்டிய பிறகு பணம் பேசுங்கள்.

காகிதம் இந்த விளையாட்டின் பாதி. தனியார் வண்டிக்கு 15 வருடம் ஆனதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து ஐந்து வருடமாக. 2022 ஏப்ரல் முதல் கார் வகைக்கு மத்தியக் கட்டணம் 5,000 ரூபாய், 2025இல் 20 வயதைத் தாண்டியவற்றுக்கு 10,000 என்று ஏற்றினார்கள். பசுமை வரி தனி. டெல்லியில் 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு இருந்த கெடுபிடியால் தெற்கே வந்த தார்கள் மலிவாகத் தெரியும். ஆனால் என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டில் மறுபதிவு, அதற்கான வரி எல்லாம் சேர்த்த பிறகும் மலிவா என்று கணக்குப் போடுங்கள்.

ஜீப் வாங்குகிறவர்கள் இன்ஜின் நம்பரையும் சேஸ் நம்பரையும் ஆர்சியோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வேறு வண்டியின் இன்ஜினைப் பொருத்தியது, டூ வீலை ஃபோர் வீல் ஆக்கியது, சேஸை வெட்டிக் குட்டையாக்கியது என்று ஊரெல்லாம் ஒட்டுவேலை நடந்த இனம் அது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்சியில் ஏறாத இன்ஜினோடு எஃப்சிக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரரும் அதே காரணத்தைப் பிடித்துக்கொள்வார்.

என்னைக் கேட்டால், தோட்டத்திலேயே குடியிருந்து சரக்கு ஏற்றுகிறவருக்கு நம்பர் சரியாக உள்ள டிஐ ஜீப். ஊரில் இருந்துகொண்டு குடும்பத்தோடு போய்வருபவருக்கு 2015க்குப் பிந்தைய தார். ஜிப்சியை நான் சொல்வது, அதைக் கழற்றிப் பூட்டுவதில் சந்தோஷப்படுகிறவருக்கு மட்டும். அந்த ஆசை உள்ளவர் மற்ற இரண்டையும் பார்க்கவே மாட்டார் என்பது வேறு விஷயம்.