பழைய சோலார் பேனலோடு புதியதைக் கோர்த்துத் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை!

ஒன்றரை லட்சம் போய்விட்டது. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் பாதியை எழுதாமல் விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். மாடியில் ஏற்கெனவே சோலார் வைத்திருப்பவர்களும், அதோடு இன்னும் நாலு பேனல் சேர்க்கலாம் என்று நினைப்பவர்களும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்களிடம் இருந்தவை 250 வாட் பேனல்கள் 6. முழு வெயிலில் 8.2 ஆம்பியர் தரும் வகை. பல வருடங்களாக ஒரு தொல்லையும் தராதவை. மின்தேவை கூடியதால், சோலார் பொருத்தித் தரும் ஒரு நிறுவனத்தை அழைத்தோம். வந்தவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். தானே மாடியேறினார். பழைய பேனலின் பின்பக்க லேபிளில் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்து, ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுப் படித்துக் குறித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும், வேலை தெரிந்த ஆள்தான் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. 540 வாட் பேனல்கள் 4 போடலாம் என்றார்.

"இரண்டும் வேறு வேறு அளவாயிற்றே, ஒரே இன்வெர்ட்டரில் ஒத்துப்போகுமா?" என்று கேட்டேன். இன்வெர்ட்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இது எம்பிபிடி இன்வெர்ட்டர் சார். எந்தப் பேனலைக் கொடுத்தாலும் அதுவே சரிசெய்துகொள்ளும். கவலையே வேண்டாம்" என்றார். எம்பிபிடி என்றால், பேனல்களிலிருந்து அதிகபட்ச வாட் கிடைக்கும் புள்ளியை இன்வெர்ட்டர் தானே தேடிப் பிடிக்கும் வசதி. அவருடைய அந்தச் சொல்லை நம்பித்தான் பணம் கொடுத்தேன். பேனல், தாங்கி, கூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம்.

பழையதும் புதியதும் சேர்ந்தால் 3,660 வாட். வெப்பத்தில் கொஞ்சம் குறையும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உச்சி வெயிலில், மேகமே இல்லாத வானத்தின் கீழ், 2,700 வாட்டைத் தாண்டவே இல்லை. இன்வெர்ட்டர் திரையில் பிவி 1 (முதல் பேனல் உள்ளீடு) என்ற இடத்தில் 8.1 ஆம்பியர். பிவி 2 என்ற இடத்தில் 0.0.

அந்த 0.0 தான் என் வயிற்றெரிச்சல். இந்த இன்வெர்ட்டரில் தனித்தனி எம்பிபிடி கொண்ட இரண்டு உள்ளீடுகள் இருக்கின்றன. குனிந்து பார்த்தால், இரண்டாவது உள்ளீட்டின் ரப்பர் மூடியைக்கூட யாரும் கழற்றவில்லை. மாடியிலிருந்து இன்னொரு ஜோடி கேபிள் இழுக்கும் செலவை மிச்சம் பிடிக்க, புதிய நான்கையும் பழைய ஆறின் வாலில் தொடராகக் கோர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தொடர் இணைப்பில் எல்லாப் பேனல் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். புதிய பேனல் 13 ஆம்பியர் தரக்கூடியது. பழையது 8.2க்கு மேல் தராது. ஒரு எம்பிபிடி, தொடராகக் கோர்த்த முழு வரிசைக்கும் (ஸ்ட்ரிங்) சேர்த்து ஒரே ஒரு புள்ளியைத்தான் தேட முடியும். ஒன்று, புதியவற்றையும் 8.2க்கு இறக்க வேண்டும். இல்லையென்றால் பழைய ஆறையும் பைபாஸ் டயோடு (மின்னோட்டம் பேனலைச் சுற்றிப் போக வழிவிடும் பாகம்) வழியாக ஒதுக்கிவிட்டுப் புதியதை மட்டும் ஓட்ட வேண்டும். "அதுவே சரிசெய்துகொள்ளும்" என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான். மின்னோட்டம் குறையும்போது மின்னழுத்தம் சற்று ஏறும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், 540 வாட் பேனலிலிருந்து ஏறக்குறைய 370 வாட்தான் கிடைக்கும். நான்கிலும் சேர்த்து 700 வாட்டுக்கு அருகில் வீண். 8.2 என்பதைத் தன் வாயாலேயே படித்துக் குறித்துக்கொண்டு போனவர் அவர்!

போன் செய்தேன். முதலில், "மேகமூட்டமாக இருக்கும்." பிறகு, "தூசியாக இருக்கும், கழுவிப் பாருங்கள்." கழுவினேன். பிறகு, "முன்பைவிடக் கூடித்தானே இருக்கிறது?" ஒன்றரை லட்சம் கொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? அடுத்து, இன்வெர்ட்டர் நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே கேட்டால், இணைப்பு தவறு, பொருத்தியவர்தான் பொறுப்பு என்கிறார்கள். கடைசியாக, இரண்டாவது உள்ளீட்டுக்கு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள், தனிக் கட்டணத்துக்கு! தாங்கள் செய்யாமல் விட்ட வேலையைச் செய்ய என்னிடமே காசு கேட்கிறார்கள். அதற்குப் பிறகு போனை எடுப்பதே இல்லை.

வேறு ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டினேன். பழைய கேபிளும் புதிய கேபிளும் சேரும் இடத்தைப் பார்த்ததும் முதல் வேலையாக மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். ஒரு நிறுவனத்தின் எம்சி4 கனெக்டரில் (சோலார் கேபிள்களை ஒன்றோடொன்று சேர்க்கும் சொருகி) வேறொரு நிறுவனத்துடையதைச் சொருகியிருந்தார்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், சொருகினால் உட்காரவும் செய்யும். ஆனால் உள்ளே தொடர்பு சரியாகப் பிடிக்காமல் சூடேறும். எங்களுடையதில் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் இளகத் தொடங்கியிருந்தது. வீட்டில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருக்கும் கூரையின் மேல் இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போக எப்படி மனம் வந்தது?

சொல்வதாகச் சொன்னவை இவை. எழுதுவதற்கே கை நடுங்குகிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். தொடராகக் கோர்த்தால் ஆம்பியர் பொருந்த வேண்டும், பக்க இணைப்பில் ஸ்ட்ரிங்குகளின் வோல்ட் பொருந்த வேண்டும். வாட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வேறு அளவுப் பேனல்களுக்கும், வேறு திசை பார்க்கும் பேனல்களுக்கும் தனி எம்பிபிடி கேளுங்கள். உங்கள் இன்வெர்ட்டரில் ஒன்றுதான் இருக்கிறது என்றால், இப்படிச் சேர்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தப் பேனல் எந்த உள்ளீட்டுக்குப் போகிறது என்பதை வரைபடமாக எழுதி வாங்குங்கள். கனெக்டர் ஜோடி ஒரே நிறுவனத்துடையதா என்று கண்ணால் பாருங்கள். நல்ல வெயிலில் திரையில் ஆம்பியரைப் பார்க்கும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நான் ஒன்றரை லட்சத்தையும் கொடுத்து முடித்த பிறகுதான் அவர்கள் இன்வெர்ட்டரையே ஆன் செய்தார்கள்.